வெளியும் இடைவெளியும்

மார்கழித் திருவாதிரைக்கு முன்னாள் தில்லையிலே தேர்த்திருவிழா. கால் முடங்கிப் படுக்கையிற் கிடக்கும் சைவ மூதாட்டியார் ஒருவர்க்கு, அவர்தம் பெயரன் அத்தேர்க்காட்சியைக் கைப்பேசியிலே காட்டினான். இளமை தொட்டு ஆண்டுதோறும் பொருநையாற்றங்கரையினின்று புறப்பட்டுத் தில்லை சென்று தேர்வடந் தொட்டு வணங்கிய கைகள் அம்மையாருடையன. அவர் கண்ணீர் பெருகக் கைகூப்பியபடியே முழுதும் கண்டார். கண்டு முடித்தபின், "பார்த்தேன் ஐயா, போகவில்லையே" என்று கூறித் தேம்பினார். கல்லூரியிற் பயின்றவனும், ஊர்ச் சித்தாந்த வகுப்பிலே சில நாள் அமர்ந்தவனுமாகிய அப்பெயரன், ஆறுதல் கூறக் கருதி, "ஆச்சி, சுவாமி எங்கும் நிறைந்தவர் என்று நீங்கள்தாமே சொல்லிக்கொடுத்தீர்கள்? தில்லையில் இருப்பவர் இங்கே இல்லையா?" என்றான். அம்மையார் விடை கூறவில்லை. திருநாளைப்போவார் புராணத்தை எடுத்துப் படிக்குமாறு பணித்தார்.

அப்பிள்ளையின் வினா எளியதொன்றன்று. இறைவன் எங்கும் உளன் என்பது மெய்யாயின், அவனுக்கும் உயிருக்கும் நடுவே தொலைவு என ஒன்று இருத்தல் இயலாது. தொலைவு இல்லையாயின், அம்மையார் அழுத அழுகை அறியாமையாய் முடியும். அங்ஙனமாயின் நாயன்மார்கள் ஊர்தோறும் கால்தேய நடந்ததும் அறியாமையோ? அப்பரடிகள் கயிலை நோக்கிச் சென்ற வழியிலே நடை தளர்ந்தும் நில்லாது, கையாலும் மார்பாலும் ஊர்ந்து சென்றனர் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவதற்கு யாது பொருள்? இவ்வினாவை மேலெழுந்தவாரியாக ஒதுக்கிவிடுவோர், ஒன்று கோயிலை இழப்பர். அன்றி எங்கும் நிறைந்தமையை வாய்ச்சொல்லாக்கி விடுவர். ஆதலின் வெளி என்பது யாது, இடைவெளி என்பது யாது என்று முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

தமிழிலே வெளி என்னுஞ் சொல் பல பொருள் குறிப்பது. ஆகாயம் வெளி, புறமும் வெளி, மறைவின்றித் தோன்றுவதும் வெளி. ஐம்பூதங்களுள் வானுக்குரிய தொழில் ஏனைய பூதங்கட்கு இடங்கொடுத்தல் என உண்மை விளக்கம் முதலிய நூல்கள் கூறும். இடங்கொடுத்தல் என்பதை உற்று நோக்கின் அதன்கண் இரண்டு செயல் அடங்கியிருத்தல் விளங்கும். இரு பொருட்குத் தனித்தனி இடம் நல்குதலால் வெளி அவற்றைப் பிரிக்கின்றது. அவ்விரண்டையும் தன்னகத்தே கொண்டு நிற்றலால் அதுவே அவற்றைச் சேர்க்கவுஞ் செய்கின்றது. எதிரெதிர் வீட்டார் இருவர் பகை கொண்ட நாளில் நடுத்தெரு அவர்களைப் பிரிப்பதாகத் தோன்றும். உறவு கொண்ட நாளில் அத்தெருவே ஒருவர் வீட்டினின்று மற்றவர் வீடு செல்லும் வழியாகும். தெருவின் அகலம் ஒரு விரற்கடையேனுங் கூடவோ குறையவோ இல்லை. இடைவெளி என்று மக்கள் வழங்குவது பெரும்பாலும் வெளியைப் பற்றியதன்று. நடுவில் நின்ற வேறொன்றைப் பற்றியது. அவ்வேறொன்று யாதென்பதே ஆராயத்தக்கது.

ஐம்பூதத் தலங்களுள் நிலம் முதலிய நான்குக்கும் உரிய தலங்களில் கண்ணாற் காணும் இலிங்கத் திருமேனி உண்டு. வானுக்குரிய தில்லையிலோ, ஐந்தெழுத்தைக் குறிக்கும் ஐந்து படிகட்கு மேலே, கூத்தப்பெருமானுக்கு வலப்பக்கத்தே ஒரு திரை தொங்கும். அது விலகுங்காற் பொன்வில்வ மாலைகள் மாத்திரம் விளங்கும். உருவம் ஒன்றும் இல்லை. முதன்முறை காண்போர் சிலர், "இவ்வளவுதானா?" என்று முகம் வாடித் திரும்புதல் உண்டு. அவரை இகழ்தல் ஆகாது. காண்பதற்கென்று வந்த கண்ணுக்குக் காண்பொருள் கொடாதிருத்தலே அவ்விடத்தின் உபதேசம். ஆயினும் அங்கே இரண்டு பிழை நேரும். ஒன்றும் இல்லை என்று கொள்வது ஒரு பிழை. அங்குள்ள வெறுவெளியே இறைவன் என்று கொள்வது மற்றொரு பிழை. பின்னது கற்றார்க்கும் உரியது. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

பூதவான் முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்று. ஓசைத் தன்மாத்திரையினின்று தோன்றுவது, மாயையின் காரியம், அறிவில்லாதது. தில்லையை அம்பரம் என்று வாளா கூறாமல் சித் என்னும் அடைகொடுத்துச் சிதம்பரம் என்றது, அறிவில்லா வானினின்று அறிவாகிய வானைப் பிரித்தற்பொருட்டேயாம். பூதவான் இடங்கொடுக்கும், கொடுத்தமை அறியாது. அறிவுவெளியோ இடங்கொடுப்பதோடு அமையாது, இடம்பெற்ற உயிரை அறிந்து, அதனுடன் நின்று, அதனை அறிவிக்கவுஞ் செய்யும்.

இது பற்றியே ஏகான்மவாதிகள் கூறும் குடவான் உவமை சித்தாந்திகட்கு உடன்பாடாகாதாயிற்று. குடத்துள் அடங்கிய வான், குடம் உடைந்தவழிப் பெருவானோடு ஒன்றாதல்போல உடம்பு நீங்கியவழி உயிர் பிரமமேயாம் என்பர் அவர். கேட்குங்கால் இனிதாகவே இருக்கும். ஆயின், குடத்துள் அடைபட்ட காலத்து அவ்வான் ஏதேனும் துயருற்றதா? உடைந்த பின்னர் ஏதேனும் இன்பமுற்றதா? அடைபட்டேன் என்றும் விடுபட்டேன் என்றும் அறியாத ஒன்றை, அழுதும் வேண்டியும் அலமரும் உயிர்க்கு உவமை கூறின், கட்டும் வீடும் வெறுஞ்சொல்லாய் ஒழியும். படுக்கையிற் கிடந்து கண்ணீர்விடும் மூதாட்டியை நோக்கி, 'அம்மே, அழுகின்றவரும் இல்லை, அழப்படுவதும் இல்லை' என்று கூறுதல் எத்துணை ஆறுதல் பயக்கும் என்பதை அவ்வாதம் புரிவார் தம் மனைக்கண்ணே சோதித்தறியலாம்.

சித்தாந்த நூல்கள் வெளியை உவமையாக ஆளுமிடம் வேறு. கடல் பரந்த வெளியிலே நீர் நிற்கின்றது. நீரிலே உப்புக் கலந்துள்ளது. உப்பு நீரைப் பற்றுமன்றி, அந்நீருக்கு இடங்கொடுத்த வெளியைப் பற்றாது. வெளி இறைவனுக்கும், நீர் உயிருக்கும், உப்பு ஆணவமலத்துக்கும் உவமை. உப்பு நீங்குதற்கு நீர் வேறோர் இடத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. அது முன்னரும் வெளியிலேதான் இருந்தது. உப்புக் கரித்த காலத்தும் வெளி அதனை விட்டு அகன்றதில்லை. உயிருக்கும் இறைவனுக்கும் நடுவே நின்றது தொலைவன்று, மலமே என்பது இதனாற் போதரும். மலத்தைக் காவதத்தால் அளத்தல் கூடாது. நடந்து கடத்தலும் கூடாது.

இவ்வுண்மையைத் தம் வாழ்விலே கண்டவர் உமாபதி சிவாசாரியர். சகம் 1235, அஃதாவது கி.பி. 1313 என்னும் ஆண்டினைச் சங்கற்ப நிராகரணத்துள் அவரே குறித்திருத்தலின் அவர் காலம் ஐயத்துக்கு இடமின்றி விளங்குவது. தில்லைவாழந்தணருள் ஒருவராய்ப் பிறந்தும், மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டமையால் அவர் தில்லையார் கூட்டத்தினின்று விலக்கப்பெற்று, எல்லைப்புறத்துக் கொற்றவன்குடியிலே தங்கினர் என்பது வழிவழி வரும் வரலாறு. அம்பலத்தைத் தொழும் உரிமையிற் பிறந்தவர் அம்பலத்துக்குப் புறத்தே நின்றார். பின்னர் ஒரு விழாவிலே கொடி ஏறாது நிற்ப, அவரை அழைத்துவர, அவர் கொடிக்கவி பாடியவழிக் கொடி ஏறிற்று என்பர்.

ஈண்டு கருதத்தக்கது கொடி ஏறிய அற்புதமன்று. அந்நூலின் முதற்பாட்டிலே அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஒளியும் இருளும் தங்குதற்கு இடம் ஒன்றே. ஒன்று மேற்படின் மற்றொன்று ஒளிக்கும். உயிரினுள்ளே அருளொளி நிறைந்திருப்பவும் இருள் அங்கேயே கிடக்கின்றது. அது நீங்குதற்பொருட்டே கொடி கட்டினேன் என்பது அப்பாட்டின் கருத்து. இடத்தினின்று விலக்கப்பட்ட ஒருவர், தம்மை விலக்கியோர் நடுவே வந்து நின்று, ஒளிக்கும் இருளுக்கும் இடம் ஒன்றே என்று பாடினார். அவர் தம்மை விலக்கினோரைப் பற்றி ஒரு சொல்லும் அங்கே கூறவில்லை. கூறவேண்டிய அனைத்தும் அதனுள்ளே அடங்கிவிட்டது போலும்.

இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள இயைபை ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என மூவகைப்படுத்து உணர்த்துவர் ஆசிரியர். உடலும் உயிரும்போல ஒன்றாதல். கண்ணும் ஞாயிறும்போல வேறாதல். அறிவொளியும் கண்ணொளியும்போல உடனாதல். இவற்றுள் கண்ணும் ஞாயிறும் என்னும் உவமை இக்காலத்து வான நூல் உணர்ச்சியால் முன்னினுஞ் சிறத்தலைக் காணலாம். ஞாயிறு ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர்க்கு அப்பாலுள்ளது. அதன் ஒளி நிலவுலகை அடைதற்கு 8 நிமிடமும் 20 விநாடியும் ஆகின்றன. அத்துணைத் தொலைவிருந்தும், முற்றத்துத் துளசியைக் காண்கின்ற ஒருவன், 'என் கண்ணுக்கு விளக்கந் தரும் பொருள் நெடுந்தொலைவில் உள்ளது' என்று கருதுவதில்லை, கருதின் காணமாட்டான். காணும் அச்செயலிலே ஞாயிற்றொளியும் கண்ணொளியும் இடையறக் கலந்தே நிற்கின்றன. கலந்தும் கண் ஞாயிறாய்விடவில்லை, ஞாயிறு கண்ணாய்விடவுமில்லை. படலம் மறைத்த கண்ணுக்கோ ஞாயிறு நண்பகலிலும் இல்லாததே. அக்கண்ணை ஞாயிற்றுக்குப் பக்கத்தே கொண்டுபோய் வைத்தாலும் பயனில்லை.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இதனினும் இனியதோர் உவமையைத் திருவருட்பயன் காட்டும். இறைவன் தாளும் உயிரின் தலையும் கூடுதலைத் தாடலை என்னும் புணர்மொழி போல்வதென்பது அது. தாள் என்பது நிலைமொழி. தலை என்பது வருமொழி. புணருங்கால் ளகரங் கெட்டுத் தகரம் டகரமாகத் திரிகின்றது. சொல்லுவார் வாயிலும் கேட்பார் செவியிலும் சொல் ஒன்றே. நடுவே மூச்சு நிறுத்துதற்கும் இடமில்லை. ஆயினும் பொருள் கொள்வார்க்குத் தாளும் உண்டு, தலையும் உண்டு. உவமையை அளவுகடந்து நீட்டுதல் முறையன்றாயினும் ஒன்று கூறலாம்: இரண்டுஞ் சற்றும் திரியாது நின்றவிடத்துப் புணர்ச்சியாற் பெற்றது யாதுமில்லை, இரண்டில் ஒன்று அறவே அழிந்தவிடத்துப் புணர்ச்சி என்னும் பெயரே பொருந்தாது. அத்துவிதம் என்னுஞ் சொல்லின் அகரம் இரண்டு இல்லை என்னும் இன்மைப் பொருளில் வாராது, வேறல்ல என்னும் அன்மைப் பொருளிலே வந்ததெனச் சித்தாந்தத்துப் பெரியோர் வரைந்து காட்டியது இது பற்றியேயாம். 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் மாபாடியத்துள் இதனை விரித்த திறத்தை, ஆசிரியரிடத்துப் பாடங்கேட்டு அறிதலே நேரியது.

இனி, அம்மையார் படிக்கப் பணித்த புராணத்துக்கு வருதும். சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியைப் பாடும்போது, மருதநிழலில் தோலின்மேல் உறங்கும் மகவையும், மாமரத்திலே தூங்கும் பறையையும் ஆர அமர நோக்கியே பாடுகின்றார். அப்பாடியிற் பிறந்த நந்தனார், பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கோயில்தொறும் அளித்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலினுள்ளே முழங்கிற்று. கொடுத்தவர் வாயிற்புறத்தே நின்றார். அம்முழக்கம் புறத்தே நின்ற அவர் செவிக்கும் எட்டியிருத்தல் வேண்டும். திருப்புன்கூரில் அவர்பொருட்டு நந்தி விலகிற்று. இன்றும் அவ்வூரில் அது நேர்க்கோட்டினின்று ஒதுங்கியே இருத்தலைக் காணலாம். தில்லைக்கோ, நாளைப்போவேன் என்று நாள் கழித்து, இறுதியில் எல்லைவரை சென்று, வேள்விப் புகையைக் கண்டு அஞ்சி, உட்புகாது, இரவும் பகலும் எல்லையையே வலம் வந்தார். (நாட்டிலே பெருவழக்காயுள்ள வேதியப் பண்ணையார் கதை, கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய கீர்த்தனையில் வருவது, சேக்கிழார் வாக்கிலே அப்பண்ணையார் இல்லை. அவரைத் தடுத்தோர் யார் எனச் சேக்கிழாரிடம் வினவின், ஒருவர் பெயரும் கிடையாது. எல்லாரும் என்பதே விடையாகும்.)

அங்ஙனம் வலம் வந்து அயர்ந்து துயின்றபோது கூத்தப்பெருமான் அவர் கனவிலே தோன்றினான். எவ்விடத்துத் தோன்றினான்? மதிலுக்குப் புறத்தே, அடியவர் கிடந்த எல்லைமண்ணிலே. தீயும் திருவாயிலும் அதற்குப் பின்னர் வந்தவை. அம்பலவாணனும் அடியவரும் கண்ட முதற்காட்சி அம்பலத்துக்கு வெளியே நிகழ்ந்தது. புறத்துக்கும் வானுக்கும் தமிழில் வெளி என்னும் பெயர் ஒன்றாயிருத்தல் இவ்விடத்தே நினைவுக்கு வரும். சொல்லொற்றுமை பொருட்குச் சான்றாகாது என்பது தருக்கநூல் அறிந்தார் துணிபு. ஆதலின் அதனை நினைவளவில் நிறுத்திவிடலாம்.

தீயிலே புகுந்து எழுமாறு பெருமான் பணித்தமையும், அவர் முனிவர் கோலத்தோடு எழுந்து உட்சென்று மறைந்தமையும் கற்போர் நெஞ்சை இன்றும் வருத்துவன. வருந்தாது கற்போர் கற்றாரல்லர். தம் பிறப்பே தடை என்று எண்ணியவர் நந்தனார்தாம். ஆனால் அவ்வெண்ணத்தை அவர் நெஞ்சில் வைத்தது ஊர். பெருமானைக் காணுதற்கு அவருக்குத் தீ வேண்டியிருந்ததில்லை, எல்லைப்புறத்திலேயே கண்டுவிட்டார். உள்ளே இருந்தோர் அவரை அடியவராகக் காணுதற்கன்றோ தீ வேண்டியிருந்தது? உப்பு யாவர் நீரில் இருந்தது என்பதை இப்புராணம் ஓதுவார் எண்ணிப்பார்க்கக் கடவர்.

சிவஞான போதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் இவ்விடத்து இன்றியமையாதது. இறைவன் உயிர்களோடு வேறல்லனாய் நிற்கும் நிலையை இரண்டாஞ் சூத்திரத்திலே கூறிய மெய்கண்டார், நூலை அங்கே முடித்துவிடவில்லை. மலம் நீங்கி அன்பரோடு கூடிய ஒருவன், மெய்யடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு தொழுவான் என்று இறுதியிலே கூறுகின்றார். பிற இடங்களில் பாலில் நெய்போல மறைந்து நிற்கும் இறைவன், இவ்விடங்களில் தயிரில் நெய்போல விளங்கி நிற்பான் என்பது அதற்கு அவர் காட்டும் நியாயம். பாலில் நெய் இல்லையென்று யாரும் கூறார்; நெய் வேண்டுவோர் தயிரையே நாடுவர். எங்கும் உளன் என்று அறிந்தும் தில்லைக்குப் போகவேண்டும் என்று அழுதவர் அறியாமையால் அழுதாரல்லர் என்பது இதனால் துணியப்படும். பெயரன் வினாவுக்கு விடை இதுவே.

ஆனால் அச்சூத்திரத்திலே ஆலயத்தோடு அடியார் திருவேடமும் வைக்கப்பட்டமையைப் பலர் நெடுங்காலம் மறந்தனர். திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல் கோயில் திறப்பு ஆணை பிறந்தது. மதுரை மீனாட்சியம்மை கோயிலுக்குள் 1939 சூலை 8-இல், வைத்தியநாதையர் முன்செல்ல, விலக்கப்பட்டிருந்த வகுப்பினர் புகுந்து வழிபட்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் இயற்றப்பெற்றது. அந்நாட்களில் ஆகமங்களைக் கையிற்கொண்டு இவற்றை எதிர்த்தோருட் சைவரும் உளர். அவர்தம் கோயிற்பற்றை ஐயுறுதல் வேண்டா. ஆலயத்தை அரனெனக் கண்ட அவர்கள், அவ்வாலயத்தின் வாயிலிலே நின்ற அடியவரை அங்ஙனங் காணாதொழிந்தனர் என்பதே குறை. திருநாளைப்போவார்க்கு அறுபத்து மூவர் வரிசையிலே நாடோறும் தீபம் காட்டிக்கொண்டே அவர் குலத்தாரைப் புறத்தே நிறுத்தியமை, ஒளியும் இருளும் ஓரிடத்தே தங்கும் என்றதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டாதபடி செய்துவிட்டது. சட்டம் மதிலில் வாயில் திறக்கும். மற்றதைத் திறத்தல் சட்டத்தின் தொழிலன்று. இன்றும் பல ஊர்களில் அத்தொழில் முடியாமலே கிடக்கின்றது.

தில்லைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஏனைய தலங்களில் விழாக்காலத்துத் தெருவில் எழுந்தருள்வது உற்சவத் திருவுருவமாக, தில்லையிலோ ஆனியிலும் மார்கழியிலும் அம்பலத்துள்ள மூலக் கூத்தனே தேரேறித் தெருவுக்கு வருகின்றான். அவன் வந்த தெருவையே அம்மையார் கைப்பேசியிற் கண்டார். பல நூறு கல் தொலைவை அக்கருவி இல்லையாக்கிற்று. இல்லையாக்கியும் அவர் துயர் தீரவில்லை. தொலைவு அத்துயருக்குக் காரணமாயிருந்திலாமையால், அது நீங்கிய வழியும் துயர் நீங்காதாயிற்று. இளையோர் அக்கருவியைப் பழித்தும் பயனில்லை, புகழ்ந்தும் பயனில்லை. அது காட்டிற்று, அவரும் கண்டார்.

பெயரன் அன்றிரவு அப்புராணத்தை முற்றும் படித்தான். தீயினின்று எழுந்தவர் அம்பலத்துட் சென்று மறைந்த இடத்தில் அம்மையார் தலைமேற் கை குவித்தார். அவன் நூலை மூடப்போகும்போது, "அதற்கு முன்னாலே, எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறாரே, அந்த இடத்தை இன்னொரு தரம் படி ஐயா" என்றார். அவன் ஏடுகளைப் பின்னே புரட்டி, அவ்விடத்தினின்று மீண்டும் தொடங்கினான்.